விருந்துக்கு வைத்த சட்டி

மக்களைக் கூட வைத்துக்கொண்டு வேலை செய்யத் தெரிந்தவள் மாளவிகா என்று எர்ணாகுளத்தில் பறவை ஆராய்ச்சி செய்கிற வட்டாரம் முழுக்கச் சொல்லும். அதை முதலில் சொல்லி வைத்தது மாளவிகாதான் என்பது அந்த வட்டாரத்துக்கு மறந்துபோயிருந்தது.

பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. மட்டாஞ்சேரியில் கார்ப்பரேஷன் துப்புரவுத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு நடுவில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று நின்றது. மழை பிடித்ததும் இராக்கொக்குகளும் நீர்க்காகங்களும் கூட்டமாக வந்து அதில் கூடு கட்டும். எச்சம், மீன் நாற்றம், விடிய விடியக் கத்தல். மரத்தை வெட்டச் சொல்லித் தெருவின் மறுபக்கத்து மாடிவீட்டுக்காரர்கள் வருஷா வருஷம் மனுக் கொடுப்பார்கள். மாளவிகாவுக்கு முன்னால் வந்த ஆராய்ச்சிக்காரர்கள் ஜீப்பில் வந்து, குடையை விரித்து, தொலைநோக்கியில் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனவர்கள். மரத்துக்குக் கீழே மனுஷர்கள் இருப்பது அவர்கள் கண்ணில் பட்டதே இல்லை. மாளவிகா அப்படி இல்லை. போட்டில் வந்து இறங்கி நடந்து வந்தாள். வாசலில் நின்று வரலாமா என்று கேட்டாள். யாரைப் படம் எடுத்தாலும் கேட்டுத்தான் எடுத்தாள். கூடு எண்ணும் வேலைக்கு லைன் பெண்களையே சேர்த்துக்கொண்டு, அவர்களுக்குக் கூலியும் வாங்கிக் கொடுத்தாள். உங்களைக் கேட்காமல் இந்த மரத்தைப் பற்றி எந்த முடிவும் எடுக்க மாட்டோம் என்று மரத்தடியில் கூட்டம் போட்டு வாக்குக் கொடுத்தாள்.

அவளும் தமிழ், அவர்களும் தமிழ் என்பது இன்னொரு சௌகரியம். அவள் பாலக்காட்டிலிருந்து வந்து எர்ணாகுளத்தில் நிலைத்த அய்யர் வீட்டுப் பெண். அவர்கள் இரண்டு தலைமுறைக்கு முன் மதுரைப் பக்கத்திலிருந்து நகரத்தின் மலம் அள்ளக் கூட்டிவரப்பட்டவர்களின் பிள்ளைகள். இரண்டும் ஒரே தமிழ் என்று மாளவிகா நினைத்தாள். லைனில் யாரும் அப்படி நினைத்ததில்லை. ஆனாலும் அவள் மேல் அவர்களுக்குப் பிரியம் இருந்தது. டீச்சர், டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

லைனில் அவளுக்கு மிகவும் நெருக்கம் ஒச்சம்மாள். நாற்பதைத் தொடாத வயது, பஜார் ரோட்டைப் பெருக்குகிற வேலை, யாருக்கும் பயப்படாத வாய். கூடு எண்ணுகிற பெண்களுக்கு அவள்தான் தலைவி. அவள் புருஷன் குழந்தைசாமி ஓடையில் இறங்கிச் சகதி அள்ளுகிறவன். பேச்சு கம்மி. பல வருஷமாகத் தற்காலிக ஊழியன். அடுத்த மாதம் நிரந்தரமாகிவிடும், அடுத்த மாதம் நிரந்தரமாகிவிடும் என்று மேஸ்திரி சொல்லிச் சொல்லி, அந்த வருஷம் உண்மையாகவே ஆர்டர் வரும் என்கிற நிலைமைக்கு வந்திருந்தது. 1999ஆம் வருஷம் அது.

அந்த ஆகஸ்டில்தான் மரத்தை வெட்டும் தீர்மானத்தைக் கவுன்சிலில் தள்ளி வைத்தார்கள். மாளவிகா அலைந்த அலைச்சலுக்குக் கிடைத்த பலன் என்று லைன் பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு ஒரு வேளைச் சோறு போட வேண்டும் என்று முடிவாயிற்று. ஒச்சம்மாள் வீட்டில் சமையல்.

அன்று காலையில் மாளவிகா வந்தபோது ஒச்சம்மாளின் வாசலில் ஒரு குப்பைக் கூடை கவிழ்த்து வைத்திருந்தது. உள்ளே ஒரு இராக்கொக்குக் குஞ்சு. இரவு காற்றில் கூட்டிலிருந்து விழுந்திருக்கிறது. ஒச்சம்மாளின் மகள் அம்பிளி கூடையின் சந்து வழியே மத்தி மீன் துண்டை நீட்டிக்கொண்டிருந்தாள். மாளவிகா குனிந்து பார்த்துவிட்டு வார்டு ஆபீசுக்குப் போனாள். மத்தியானம் திரும்பி வந்தால் கூடை காலி. அடுப்பில் ஒரு மண்சட்டி கொதித்துக்கொண்டிருந்தது.

"வாங்க டீச்சர், உக்காருங்க. இன்னைக்கு இங்கதான் சாப்பாடு. விட மாட்டோம், கேட்டீங்களா?" என்று ஒச்சம்மாள் சட்டியைச் சாய்த்துக் காட்டினாள்.

மாளவிகா எட்டிப் பார்த்தாள். கறுத்த குழம்பு. சின்னச் சின்ன எலும்புகள். அவள் வீட்டு அடுப்பில் தலைமுறை தலைமுறையாக வெங்காயம்கூட யோசித்துத்தான் ஏறும். இறைச்சியில் எது என்ன என்று அவளுக்கு எப்படித் தெரியும்? காலிக் கூடையைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள். கூடையில் இருந்ததுதான் சட்டியில் என்று முடிவு கட்டிக்கொண்டாள். உடனே அவள் படித்த படிப்பு வந்து கைகொடுத்தது. முகம் சுளிக்கக் கூடாது, அவர்கள் வழக்கம் அவர்களுக்கு, தீர்ப்புச் சொல்ல நான் யார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். என்ன கறி அக்கா என்று கேட்டிருக்கலாம். எந்த வீட்டு அடுப்படியிலும் எந்த விருந்தாளியும் வாய்க்கு வந்தபடி கேட்கிற கேள்விதான். கேட்டால் இவர்கள் மனம் நோகும், மறைக்க வேண்டி வரும், பாவம் என்று நினைத்து, பெரிய மனது பண்ணிக் கேட்காமல் விட்டாள்.

வயிறு சரியில்லை என்று சொல்லி ஒரு பழம் மட்டும் எடுத்துக்கொண்டாள். பெண்களுக்கு முகம் வாடிப்போயிற்று. அதைச் சரிக்கட்ட, "ஒரு படம் எடுக்கலாமா அக்கா?" என்று கேட்டாள். ஒச்சம்மாள் ஓடிப்போய்க் கொண்டையை அள்ளி முடிந்துகொண்டு வந்தாள். சட்டியை இடுப்புயரத்துக்குத் தூக்கிச் சாய்த்து, அகப்பையைப் பிடித்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்தாள்.

"ஒரு காப்பி தரணும் டீச்சர். உசிலம்பட்டியில எங்க அக்காளுக்கு அனுப்பணும்."

திரும்பிப் போகும் போட்டில் மாளவிகாவுக்குத் தன் மேலேயே ஒரு மதிப்பு வந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள், நான் எவ்வளவு பக்குவமாக நடந்துகொண்டேன் என்று காயலைப் பார்த்தபடி பெருமைப்பட்டுக்கொண்டே போனாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அவள் அந்த வீட்டு உப்பைத் தொடவில்லை, நினைத்ததும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது.

நவம்பரில் எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரி மண்டபத்தில் கருத்தரங்கம். பறவைகளைக் காப்பதில் உள்ளூர் மக்களின் பங்கு என்பது தலைப்பு. மக்களைப் பற்றிப் பேசுகிற இடத்தில் மக்கள் இல்லாவிட்டால் எப்படி என்று மாளவிகா சண்டை போட்டு, ஒச்சம்மாளையும் கூடு எண்ணுகிற இன்னொரு பெண்ணான மாயம்மாளையும் கூட்டிவந்தாள். முன்வரிசையிலேயே உட்கார வைத்தாள். இரண்டு பேரும் பெட்டியில் மடித்து வைத்திருந்த புடவையைக் கட்டிக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள்.

விளக்கை அணைத்தார்கள். ஸ்லைடு மிஷின் கடக், கடக் என்று படங்களைத் திரையில் தள்ளியது. மாளவிகா இங்கிலீஷில் பேசினாள். மரம், கூடு, மரத்தடிக் கூட்டம். அப்புறம் கடக்கென்று ஒச்சம்மாளின் சட்டி வந்தது. சினிமாவில் வருகிற மாதிரி சுவர் முழுக்கச் சட்டி, அகப்பை, சிரிக்கிற ஒச்சம்மாள். விழுந்த குஞ்சுகளைக் குழம்பு வைத்துத் தின்றுகொண்டிருந்தவர்கள் இவர்கள் என்று மாளவிகா சொன்னாள். மண்டபத்தில் ச்சு, ச்சு என்று ஒரு சத்தம் எழுந்தது. கடக். அடுத்த படத்தில் அதே ஒச்சம்மாள் அண்ணாந்து கூடு எண்ணிக்கொண்டிருந்தாள். இன்று அதே பெண்கள்தான் இந்தப் பறவைகளுக்குக் காவல் என்றாள் மாளவிகா. கைத்தட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஆகஸ்டிலேயே கூடு எண்ணிக்கொண்டிருந்த பெண்ணை ஆகஸ்டில் எடுத்த படத்தை வைத்தே பாவியாக்கி, ஜூனில் எடுத்த படத்தை அடுத்ததாகப் போட்டுப் புண்ணியவதியாக்குவது எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. கதை அவ்வளவு நன்றாக இருந்தது.

ஒச்சம்மாளும் கைதட்டினாள். இங்கிலீஷ் புரியவில்லையே தவிர, தன் சட்டி சுவரில் ஏறிவிட்டது தெரிந்தது. "நம்ம சட்டிடி, பாரு" என்று மாயம்மாளை முழங்கையால் இடித்தாள். மேடையிலிருந்து அதைப் பார்த்த மாளவிகாவுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைக்கும்போதெல்லாம் பிற்பாடு அவளுக்குக் காது மடல் சூடாகும்.

சாயா இடைவேளையில் கழுத்தில் அட்டை தொங்கிய ஒரு பையன் ஒச்சம்மாளிடம் போனான். நல்ல பையன்தான், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. "சேச்சி, கொக்கிறச்சிக்கு நல்ல ருசியாணோ?" என்று மலையாளத்தில் கேட்டான்.

"எந்து கொக்கு?" என்றாள் ஒச்சம்மாள்.

பையன் விளக்கினான். டீச்சர் மேடையில் சொன்னதை அப்படியே, ஒன்று விடாமல், மலையாளத்தில் சொன்னான். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். மண்டபத்தின் மறுகோடியில் யாருடனோ பேசிக்கொண்டிருந்த மாளவிகா தற்செயலாகத் திரும்பினாள். ஒச்சம்மாள் கையிலிருந்த சாயாவைக் குடிக்காமலேயே மேஜையில் வைத்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் எங்கேயோ என்னவோ ஆகிவிட்டது என்று மாளவிகாவுக்குப் பட்டது.

சாயங்காலம் இரண்டு பேரையும் கொண்டுபோய் விடுவதற்காகப் போட்டில் அவளும் ஏறினாள். காயலுக்கு நடுவில் இருக்கும் ஐலண்டைத் தாண்டியதும் ஒச்சம்மாள் அவள் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர்."

"சொல்லுங்கோ அக்கா."

"அந்தச் சட்டி படம் வந்தப்போ என்ன பேசினீங்க?"

"உங்களைப் பத்திப் பெருமையாத்தான் அக்கா சொன்னேன். முன்னாடி எப்படி இருந்தேள், இப்போ எப்படிப் பாதுகாக்கறேள்னு..."

"முன்னாடி எப்படி இருந்தோம்?"

எஞ்சின் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"அது கோழி டீச்சர்," என்றாள் ஒச்சம்மாள். "நாட்டுக்கோழி. டீச்சருக்குப் பிராய்லர் வேண்டாம்னு இவரு இடக்கொச்சி வரைக்கும் சைக்கிள் மிதிச்சுப் போயி வாங்கிட்டு வந்தாரு."

"அந்தக் கூடைக்குள்ள இருந்த குஞ்சு..."

"அத இவருதான் மரத்துல ஏறிக் கூட்டுக்குள்ளயே வெச்சுட்டு எறங்குனாரு. சட்டையெல்லாம் கொக்குப் பீ. அத நான்தான் தொவச்சேன்."

வெளுத்ததெல்லாம் பால் என்று நினைக்கிற வெகுளியை ஊர் மன்னிக்கும். கறுத்ததெல்லாம் கொக்கு என்று நினைத்தவளை என்ன சொல்வது? மாளவிகாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. போட்டிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது. மாயம்மாள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே டீச்சர்," என்றாள் ஒச்சம்மாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"தப்பாப் போயிடுத்து அக்கா. நாளைக்கே எல்லார்கிட்டயும் மாத்திச் சொல்லிடறேன்."

"சொல்லுங்க," என்றாள் ஒச்சம்மாள்.

மறுநாள் மாளவிகா சொல்லவில்லை.

சொல்லக் கூடாது என்று அவள் நினைக்கவில்லை. சொல்லத்தான் போனாள். அவளுடைய நிறுவனத்தின் தலைவர் வெங்கிடேஸ்வரன் அவளைப் பார்த்ததும் எழுந்து வந்து கைகொடுத்தார். அந்தச் சட்டிப் படம்தான் கூட்டத்தையே தூக்கி நிறுத்தியது என்றார். ஒரு பத்திரிகைக்காரர் படத்தைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார் என்றார். இந்த இடத்தில் நின்றுகொண்டு, சார் அது கோழி என்று எப்படிச் சொல்வது? பறவைகளைப் படிக்கிறவளுக்குப் பறவை தெரியவில்லை என்றால் ஊர் சிரிக்காதா? முதலில் சாரிடம் தனியாகச் சொல்வோம், அப்புறம் கட்டுரையில் திருத்துவோம், அப்புறம் பத்திரிகைக்கு எழுதுவோம் என்று கொக்கு தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கிற கதையாகத் திட்டம் போட்டாள். வெண்ணெய் வைக்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மலையாளப் பத்திரிகையில் படம் வந்துவிட்டது. கொக்கைத் தின்றவர்கள் காவல்காரர்களான கதை என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. மாளவிகாவின் அம்மா கமலாக்ஷி அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்க் காட்டிவிட்டு வந்தாள். மாளவிகா அம்மாவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னாள்.

"கோழியானா என்ன, கொக்கானா என்ன?" என்றாள் கமலாக்ஷி. "நமக்கு ரெண்டும் ஒண்ணுதானே. இதைப் போய் ஆராக்கும் கேக்கப் போறா? நீ பாட்டுக்கு இரு."

அம்மாவின் இந்தப் பதில் மாளவிகாவுக்கு ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்ததே, அதற்காகவும் வெட்கப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் தன் பாட்டுக்கு இருந்தாள். லைன் பக்கம் போகவில்லை. மழைக்காலம் முடிந்துவிட்டது, குஞ்சுகள் பறந்துவிட்டன, போவதற்கு வேலையும் இல்லை என்று தன்னிடமே சாக்குச் சொல்லிக்கொண்டாள்.

பத்திரிகை வந்த வாரம் முடிவதற்குள் ஆபீசுக்கு ஒரு போன் வந்தது. மாயம்மாள், ஏதோ பூத்திலிருந்து.

"டீச்சர், காட்டிலாகாக்காரங்க வந்து, கொக்கப் புடிச்சது அவருதான்னு கொழந்தசாமி அண்ணனக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஓடையில வேல பாத்துட்டிருந்தவர அப்படியே ஜீப்புல ஏத்திட்டாங்க. பேப்பர்ல வந்த சட்டிய எடுன்னு கேட்டு, ஒச்சம்மா வீட்டுச் சட்டியையும் எடுத்துட்டாங்க. கேசு ஆச்சுன்னா அவருக்கு ஆர்டர் வராது டீச்சர். உள்ள வேலயும் போயிரும்."

மாளவிகா ஆட்டோ பிடித்து ஓடினாள். காட்டிலாகா அலுவலகத்தில் குழந்தைசாமி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முழங்கால் வரை ஓடைச் சகதி காய்ந்து வெளுத்திருந்தது. கழுவ விடவில்லையோ, கேட்கத் தோன்றவில்லையோ. அவளைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் எழுந்து நின்றான். அவளுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

ரேஞ்சர் கெட்ட மனுஷர் இல்லை. பத்திரிகையில் படத்தோடு வந்துவிட்டது, மேலே இருந்து ஏன் கேஸ் போடவில்லை என்று கேட்கிறார்கள், நான் என்ன செய்ய என்றார். மேஜை மேல் அந்த மண்சட்டி இருந்தது. கழுவித் துடைத்த சட்டி. மாளவிகா அதைத் தொட்டுக் காட்டினாள்.

"சார், அது கொக்கு இல்லை. கோழி."

ரேஞ்சர் நிமிர்ந்து பார்த்தார். "டீச்சரே, நிங்ஙள் பக்ஷிகளைப் படிக்குன்ன ஆளல்லே? மண்டபத்தில் நானும் இருந்தேனே. கொக்கு என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அப்போது சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா?"

இவனைக் காப்பாற்ற நான் பொய் சொல்வதாக நினைக்கிறார் என்று மாளவிகாவுக்குப் புரிந்தது. அப்படியே விட்டிருந்தால்கூட அவளுக்கு ஒரு கௌரவம் மிஞ்சியிருக்கும். ஏழைக்காகப் பொய் சொன்ன நல்லவள் என்ற பேர். அந்தப் பேர் கிடைத்தால் குழந்தைசாமி வீட்டுக்குப் போக முடியாது.

"எனக்குத் தெரியாது சார்," என்றாள். "கோழிக்கறிக்கும் கொக்குக்கறிக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாது. நான் சாப்பிடறதில்லை. சட்டியில் என்னவோ இருந்தது. நானா கொக்குன்னு நினைச்சுண்டேன்."

"கேட்கவில்லையா?"

"இல்லை."

"ஏன் கேட்கவில்லை?"

அந்தக் கேள்விக்கு வைத்திருந்த பதில்கள் எல்லாம் வாயில் வந்து நின்றன. மரியாதை, நாகரிகம், அவர்கள் வழக்கத்தில் தலையிடக் கூடாது. ஒன்றையும் வெளியே விட முடியவில்லை.

"அவா கொக்குதான் சாப்பிடுவாங்கறதுல எனக்குச் சந்தேகமே வரலை," என்றாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அசிங்கமான வாக்கியம் என்று அவளுக்கே கேட்டது.

பக்கத்து மேஜையில் சிரித்துக்கொண்டிருந்த கிளார்க் சிரிப்பை நிறுத்தினார். ரேஞ்சர் ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். தாளை வாங்கி ரேஞ்சர் உரக்கப் படித்தார், வராந்தாவுக்கும் கேட்டது. பிறகு, சட்டியை எடுத்துக்கொண்டு போகலாம் என்று குழந்தைசாமியிடம் சொன்னார்.

வெளியே வந்ததும் மாளவிகா பேச வாயெடுத்தாள். குழந்தைசாமி சட்டியைத் தோளோடு அணைத்துக்கொண்டு, "மேஸ்திரியப் பாக்கணும் டீச்சர், நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான்.

அதற்கப்புறம் செய்ய வேண்டியதையெல்லாம் அவள் செய்தாள். தலைவரிடம் சொன்னாள். அவர் கைகொடுக்கவில்லை, நாற்காலியை விட்டு எழவும் இல்லை. கருத்தரங்கத்துக்கு வந்த எல்லோருக்கும் எழுதினாள். பத்திரிகையில் திருத்தம் வந்தது. உள்பக்கத்தில், ரப்பர் விலைக்குக் கீழே, எறும்பு எழுத்தில். மேஸ்திரியையும் போய்ப் பார்த்தாள். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதை ஊரே பார்த்துவிட்டது, சத்தம் அடங்கட்டும், அடுத்த தடவை பார்க்கலாம் என்றார் அவர். அந்த மாதம் நிரந்தரமானவர்களில் குழந்தைசாமி இல்லை.

இவ்வளவும் ஆன பிறகு ஒரு சாயங்காலம் போட்டிலேறி லைனுக்குப் போனாள். மன்னிப்புக் கேட்பதென்றால் தனியாக இல்லை, எல்லோர் முன்னாலும் கேட்பது என்று தீர்மானித்திருந்தாள். அந்தத் தீர்மானம் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்திருந்தது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற நினைப்பும் ஒரு ஓரத்தில் இல்லாமல் இல்லை.

மரத்தடியில் பெண்கள் உட்கார்ந்து மறுநாளுக்கான துடைப்பம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஈர்க்குச்சிகளைத் தரையில் தட்டி நுனி சேர்த்துக் கயிறு சுற்றுகிற வேலை. ஒச்சம்மாள் அவளைப் பார்த்தாள். வாங்க என்றாள், குரலில் ஒன்றும் இல்லை. குழந்தைசாமி வாசற்படியில் பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

மாளவிகா நின்றபடியே சொன்னாள். அது கோழி என்று தெரியாமல் பேசிவிட்டேன், உங்கள் வீட்டு விருந்தை ஊரெல்லாம் கேவலப்படுத்திவிட்டேன், தெரிந்த பிறகும் பயந்துபோய்ச் சொல்லாமல் இருந்தேன், அதனால்தான் அண்ணனுக்கு இப்படி ஆயிற்று, என்னை மன்னித்துவிடுங்கள். சொல்லி முடித்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அதில் வேஷம் இல்லை.

ஒச்சம்மாள் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு, துடைப்பத்தைப் பக்கத்தில் வைத்தாள்.

"ஆபீசுல நீங்க சொன்னத இவரு வந்து சொன்னாரு. நல்லதுதான். எல்லாரும் சொல்ல மாட்டாங்க."

"அது என் கடமை அக்கா."

"ஒண்ணு கேக்கட்டா டீச்சர்?"

"கேளுங்கோ."

"போன மழைக்கு இந்த மாயம்மா ஒரு குஞ்ச ஆக்குனா. கொக்குக் குஞ்சுதான். விழுந்து காலொடிஞ்சு கெடந்துச்சு. இவ புள்ளைக்கு இழுப்பு, மூச்சு விட முடியல. கொக்குச் சாறு குடுத்தா நிக்கும்னு யாரோ சொன்னாங்க. நின்னுச்சா நிக்கலயான்னு கேக்காதீங்க, நிக்கல. ஆனா ஆக்குனா. எனக்குத் தெரியும். இந்த லைனுக்கே தெரியும்."

மாளவிகா மாயம்மாளைப் பார்த்தாள். மாயம்மாள் தலையைக் குனியவில்லை. கையில் ஈர்க்குச்சியைப் பிடித்தபடி நேராக அவளையே பார்த்தாள்.

"அன்னைக்கு நீங்க இவ வீட்டுக்கு வந்திருந்தா, இவ சட்டியத்தான படம் புடிச்சிருப்பீங்க?" என்றாள் ஒச்சம்மாள். "நீங்க பேசுனதும் சரியா இருந்திருக்கும். பேப்பர்ல போட்டதும் சரியா இருந்திருக்கும். இவ புருசனப் புடிச்சதும் சரியாத்தான இருந்திருக்கும். அப்ப இப்படி வந்து எங்க முன்னாடி கும்புட்டு நின்னிருப்பீங்களா டீச்சர்?"

நின்றிருப்பேன் என்று சொல்லத்தான் மாளவிகா வாயைத் திறந்தாள். அது உண்மை இல்லை. மாயம்மாளின் சட்டி சுவரில் ஏறியிருந்தால் அடுத்த கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் அந்த ஸ்லைடைக் கொண்டு போயிருப்பாள். போன் வந்தால் வருத்தப்பட்டிருப்பாள், சட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்று சொல்லியிருப்பாள். கொக்கு இல்லை கோழி என்பதற்காகத்தான் இத்தனை நாளும் வெட்கப்பட்டிருக்கிறாள். கூப்பிட்டுச் சோறு போட்டவளின் அடுப்படியை, அவளை ஒரு வார்த்தை கேட்காமல், அவளுக்குப் புரியாத பாஷையில், அவளையே முன்வரிசையில் உட்கார வைத்து ஊருக்குக் காட்டினோமே, அது சட்டியில் எது இருந்தாலும் அதே காரியம்தான் என்று அவளுக்கு இந்த நிமிஷம் வரை தோன்றவே இல்லை.

"நின்னிருக்க மாட்டேன் அக்கா," என்றாள்.

ஒச்சம்மாள் தலையை ஆட்டினாள். கோபப்படவில்லை. இன்னொரு பிடி ஈர்க்குச்சியை எடுத்துத் தரையில் தட்டினாள். மற்ற பெண்களும் விட்ட இடத்திலிருந்து கட்டத் தொடங்கினார்கள்.

மாளவிகாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்து அடக்கினாள். அழுதால் இவர்கள் எழுந்து வருவார்கள், முதுகைத் தடவிக் கொடுப்பார்கள், அம்பிளியை விட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொல்வார்கள். அதை வாங்கிக் குடிக்க அவளுக்கு முகம் இல்லை.